அனைத்துலக இளையர் மாநாட்டில் தகவல் தொடர்பைப் பார்த்துக்கொள்வது எப்படி?

தகவல் தொடர்புக் குழுவில் சேர்கிறீர்களா என்று கேட்டதும் பெரும்பாலான தொண்டூழியர்களின் மனத்தில் வருவது சுவரொட்டி, இன்ஸ்டகிராம், பத்திரிகைச் செய்தி. அவையும் வேலைதான். ஆனால் ஐம்பது நாடுகளிலிருந்து இரண்டாயிரம் இளையர் சிங்கப்பூரில் வந்து இறங்கும்போது உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப்போவது வேறு கேள்விகள். பேருந்து எத்தனை மணிக்கு, எந்த வாசலில்? இந்தச் சாப்பாடு ஹலாலா? அறைத்தோழிக்குக் காய்ச்சல், யாரிடம் சொல்வது? மழை பெய்தால் மாலை நிகழ்ச்சி உண்டா? இவற்றுக்குச் சரியான பதில், ஒரே இடத்திலிருந்து, தாமதமில்லாமல் வருகிறதா என்பதை வைத்துத்தான் நான் ஒரு தகவல் குழுவை மதிப்பிடுவேன். படங்களும் காணொளிகளும் எவ்வளவு அழகாக இருந்தாலும், பதினேழு வயதுப் பிள்ளை ஒன்று இரவு பதினொரு மணிக்குத் தவறான எம்ஆர்டி ரயில் நிலையத்தில் தனியாக நின்றால் அந்தக் குழு தன் வேலையைச் செய்யவில்லை என்றே சொல்வேன்.

முதல்முறை இந்தப் பொறுப்பை ஏற்கும் பல்கலைக்கழக மாணவர்கள், சமூக மன்ற இளையர் குழுக்கள், தமிழ் அமைப்புகளின் தொண்டூழியர்கள் ஆகியோரை நினைத்து இதை எழுதுகிறேன். வேலை நடக்கும் வரிசையிலேயே போகலாம்.

முதலில், யார் பேசுவது என்று முடிவு செய்யுங்கள்

ஏற்பாட்டுக் குழுவின் முதல் சில கூட்டங்களிலேயே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி வாங்கிவிடுங்கள். மாநாட்டுக்கு வரும் பேராளர்களுக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமை யாருக்கு? அனுப்புமுன் அதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவர் யார்? அவர் தூங்கிக்கொண்டிருந்தால், விமானத்தில் இருந்தால், அவருக்குப் பதில் யார்?

மூன்றாவது கேள்வியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். அவசரம் என்பது அதிகாலை இரண்டு மணிக்கும் வரும். அந்நேரத்தில் தலைவரின் கைத்தொலைபேசி அணைந்திருந்தால், பணியில் இருக்கும் இருபது வயது இளையர் தானாகவே செய்தி அனுப்பலாமா? அனுப்பலாம் என்றால் எந்த வகைச் செய்திகளை? "பேருந்து நேரம், இடம், உணவு, வானிலை ஆகியவற்றைப் பணிமேசையில் இருப்பவரே அனுப்பலாம்; காயம், நோய், காணாமற்போனவர், போலிஸ் தொடர்புள்ளவை என்றால் இருவர் பார்த்த பிறகுதான்" என்று இரண்டே வரியில் எழுதிவைத்தால் போதும். நீண்ட விதிப்புத்தகத்தை யாரும் புரட்டிப் பார்க்க மாட்டார்கள்.

வெளியே பேசுவதற்கும் ஒருவரைக் குறியுங்கள். செய்தியாளர், தூதரகம், அரசாங்க அமைப்பு என்று யார் கேட்டாலும் பதில் சொல்பவர் அவர் ஒருவரே. மற்றத் தொண்டூழியர்களுக்கு ஒரு வாக்கியத்தைப் பழக்கிவிடுங்கள்: "எனக்குத் தெரிந்ததைச் சொல்லித் தவறாகிவிடக் கூடாது, எங்கள் பேச்சாளரோடு உங்களை உடனே இணைத்துவிடுகிறேன்." மரியாதையாகவும் இருக்கும், உண்மையாகவும் இருக்கும்.

பேராளர் விமானம் ஏறுமுன்

இங்கே செலவிடும் ஒவ்வொரு மணி நேரமும் மாநாட்டு நாட்களில் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். ஆகவே இந்தப் பகுதியில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பயண அறிவிப்பு ஒன்று தயாரியுங்கள். அதில் வரவேற்புரை, தலைவர் படம் எல்லாம் பின்னால் போகட்டும். முதல் பக்கத்தில் சிங்கப்பூருக்குள் நுழையத் தேவையானவை இருக்க வேண்டும். வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் நிரப்புவது. அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இணையத்தளம் எதுவானாலும் அது குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்துடையது இல்லை என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வெளிநாட்டுப் பெற்றோர் பலர் தேடுபொறியில் முதலில் வரும் தளத்தில் பணம் கட்டிவிடுகிறார்கள்.

அடுத்து, கொண்டுவரக் கூடாதவை. மின்சிகரெட் வைத்திருப்பதே இங்கே குற்றம். சூயிங்கம் இறக்குமதிக்கு 1992 முதல் தடை. சில தூக்க மாத்திரைகள், கோடீன் கலந்த இருமல் மருந்துகள் போன்றவற்றை எடுத்துவர சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஆளில்லா வானூர்தி 250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிவு செய்ய வேண்டும். தங்கள் நாட்டில் சாதாரணமாக இருக்கும் ஒரு பொருளுக்காகச் சாங்கி விமான நிலையத்தில் ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை தடுத்துவைக்கப்பட்டால், அதில் நம் அறிவிப்பு தெளிவாக இல்லாததற்கும் பங்கு இருக்கும். இந்தப் பட்டியலை அந்தந்த அமைப்புகளின் இணையத்தளத்தில் சரிபார்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், விதிகள் மாறுகின்றன.

கொடி பற்றியும் சொல்லிவிடுங்கள். அனைத்துலகச் சந்திப்பு என்றால் ஒவ்வொரு குழுவும் தன் நாட்டுக் கொடியோடு வரும். சிங்கப்பூரில் வெளிநாட்டுத் தேசியச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவதற்கு 1949ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி கட்டுப்பாடு உண்டு. நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் எது சரி, எதற்கு அனுமதி வேண்டும் என்று ஏற்பாட்டுக் குழு முன்கூட்டியே கேட்டறிந்து, பேராளர்களுக்கு எளிய மொழியில் சொல்ல வேண்டும். உலக விவகாரங்களில் உணர்ச்சி பொங்கும் வயது அது. ஹோங் லிம் பூங்காவின் பேச்சாளர் முனையில் கூட்டம் நடப்பதைக் கேள்விப்பட்டு அங்கே போக நினைப்பார்கள். அங்கு நடக்கும் போராட்டக் கூட்டங்களில் வெளிநாட்டினர் அனுமதியின்றிப் பங்கேற்க முடியாது என்பதைத் திட்டுவது போல இல்லாமல், அக்கா தம்பிக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள்.

கைத்தொலைபேசி விஷயம் ஒன்று. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017இலும் 3ஜி சேவை 2024இலும் நிறுத்தப்பட்டன. பழைய கருவியோடு வரும் பேராளருக்கு இங்கே அழைப்பே வேலை செய்யாமல் போகலாம். 4ஜி வழியாகப் பேசும் வசதி தம் கருவியில் இருக்கிறதா என்று புறப்படுமுன் பார்க்கச் சொல்லுங்கள். வயர்லெஸ்@எஸ்ஜி என்ற இலவச இணையச் சேவை நூலகம், எம்ஆர்டி நிலையம் என்று பல இடங்களில் கிடைக்கும். ஆனால் நடந்துபோகும் வழியெல்லாம் கிடைக்காது. ஆகவே குழுத்தலைவர் ஒருவரிடமாவது உள்ளூர் சிம் அட்டை இருக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துவிடலாம்.

எந்த வழியில் சொல்வது

வாட்ஸ்அப் குழு ஒன்று திறந்துவிட்டால் போதும் என்று நினைப்பது நம் ஊர்ப் பழக்கம். வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர்தான் சேர முடியும். அதைவிட முக்கியம், சீனாவிலிருந்து வருபவர்களுக்கு ஊரில் இருக்கும்வரை வாட்ஸ்அப், டெலிகிராம் இரண்டும் எட்டாது. அவர்கள் வீசாட்டில் இருப்பார்கள். ஜப்பான், தாய்லாந்து, தைவான் இளையர் லைனில். கொரியர்கள் காக்காவோடாக்கில். வியட்நாமியர் ஸாலோவில். எல்லாவற்றிலும் நீங்களே கணக்குத் தொடங்கி எல்லா மொழியிலும் செய்தி போட முயன்றால் இரண்டாம் நாளே களைத்துவிடுவீர்கள்.

எனக்குத் தெரிந்தவரை நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு இது. எல்லா அறிவிப்பும் முதலில் ஒரே ஒரு இணையப் பக்கத்தில் வரும். கடவுச்சொல் இல்லாமல், எந்தச் செயலியும் இல்லாமல் திறக்கக்கூடிய பக்கம். அடுத்து, குழுத்தலைவர்கள் மட்டும் இருக்கும் ஒரு வழித்தடம். அதில் ஏற்பாட்டுக் குழு மட்டுமே எழுதலாம். ஒவ்வொரு குழுத்தலைவரும் தம் நாட்டு இளையர் பயன்படுத்தும் செயலியில், தம் மொழியில் அதைக் கடத்துவார். கடத்திவிட்டேன் என்பதற்கு ஒரு சொல் பதில் போடுவார். பதில் வராத குழுவைத் தொண்டூழியர் ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். அந்த அழைப்புதான் இந்த ஏற்பாட்டின் உயிர். அறிவிப்பை அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் குழுவில், யாரோ பத்துப் பேர் எப்போதும் பேருந்தைத் தவறவிடுவார்கள்.

மின்கலம் தீர்ந்த கைத்தொலைபேசியையும் கணக்கில் எடுங்கள். விடுதியின் மின்தூக்கி அருகே, உணவுக்கூட வரிசையில், கழிவறைக் கதவின் உட்புறத்தில் நாளைய அட்டவணையை அச்சிட்டு ஒட்டுங்கள். கழிவறைக் கதவு என்றால் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் எல்லாரும் நின்று படிக்கும் இடம் அதுதான்.

வாக்கி டாக்கி ஊழியர்களுக்கு மட்டும். உள்ளூரில் வாடகைக்குத் தரும் நிறுவனத்திடம் எடுங்கள். பயன்படுத்தும் அலைவரிசைக்குத் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதிகளின்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். போக்குவரத்து, மருத்துவம், மேடை என்று தனித்தனித் தடங்கள் வையுங்கள். நோயாளியின் பெயரையும் நோயின் விவரத்தையும் வாக்கி டாக்கியில் சொல்லவே கூடாது. அருகில் நிற்பவர் எல்லாருக்கும் கேட்கும். "மருத்துவக் குழு, 3ஆம் மண்டபம், மேடைக்கு இடப்பக்கம், ஒருவர்" என்பது போதும்.

செய்தியை எழுதுவது

நான் அதிக நேரம் செலவிட்டுப் பழக்கச் சொல்வது இதைத்தான். படிப்பவர் களைப்பாக இருப்பார், ஆங்கிலம் அவருக்கு மூன்றாம் மொழியாக இருக்கலாம், சுற்றிலும் இரைச்சல். அவருக்கு ஐந்து விஷயம் வேண்டும்: என்ன மாறியது, எப்போது, எங்கே, நான் என்ன செய்ய வேண்டும், அடுத்த செய்தி எப்போது வரும். ஒரு மாதிரி:

"செய்தி 14. செவ்வாய், 9 ஜூன். மாற்றம்: மாலைப் பேருந்து. விடுதிக்குத் திரும்பும் பேருந்துகள் 18:30க்குப் பதிலாக 19:15க்குப் புறப்படும். இடம்: 5ஆம் மண்டபத்தின் பின்வாசல், பச்சைக் கொடி. காரணம்: இடிமழை. 19:00 வரை மண்டபத்துக்குள்ளேயே இருங்கள். அடுத்த செய்தி 18:45க்கு வரும்."

இதில் "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற தொடர் இல்லை. "அன்பார்ந்த பேராளர்களே, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" இல்லை. மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நேரத்தோடு சொல்வதே அந்த இடத்தில் மரியாதை. காரணத்தை மட்டும் விடாதீர்கள். காரணம் தெரியாத மாற்றத்துக்கு இளையர்களே ஒரு காரணம் கற்பித்துப் பரப்பிவிடுவார்கள்.

செய்திக்கு எண் கொடுப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். பதினான்காம் செய்தியைப் பார்த்தவர், பன்னிரண்டைப் பார்த்தவரிடம் "உன்னுடையது பழசு" என்று சொல்ல அந்த எண்தான் உதவும். அனுப்பிய செய்தியில் பிழை இருந்தால் அதைத் திருத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் திருத்தினால் படித்துவிட்டவருக்குப் புதிய ஒலி வராது, அவர் பழைய நேரத்தையே நம்பிக்கொண்டிருப்பார். புதிய எண்ணில் புதிய செய்தி அனுப்புங்கள்: "செய்தி 15. செய்தி 14இல் இடம் தவறு. சரியான இடம்..."

நாளும் நேரமும் தனிக்கவனம் கேட்பவை. 06/08 என்பதை நாம் ஆகஸ்ட் 6 என்று படிப்போம். அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஜூன் 8 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள், கிழமையையும் சேருங்கள். 24 மணி நேர முறை நல்லது. நள்ளிரவு விமானங்கள் பெரிய குழப்பம்: "12ஆம் தேதி இரவு 12.15" என்றால் எந்த இரவு? "வெள்ளி 00:15 விமானம், விடுதியிலிருந்து பேருந்து வியாழன் 20:30" என்று இரண்டையும் எழுதினால்தான் பிள்ளை விமானத்தைப் பிடிக்கும். இணையவழிக் கூட்டங்களுக்குச் "சிங்கப்பூர் நேரம்" என்று ஒவ்வொரு முறையும் குறிப்பிடுங்கள். நாம் சென்னைக்கும் கொழும்புக்கும் இரண்டரை மணி நேரம் முன்னே, ஜகார்த்தாவுக்கு ஒரு மணி நேரம் முன்னே.

இடத்தைச் சொல்வதில் சிங்கப்பூர் நமக்கு ஒரு வசதி தந்திருக்கிறது. ஆறு இலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனியாக உண்டு. சிங்கப்பூர் எக்ஸ்போ என்று எழுதி 486150 என்றும் சேர்த்துவிட்டால், எந்த மொழி பேசுபவரும் வரைபடத்தில் தட்டி வந்துவிடுவார். டாக்சி அங்கிளுக்கும் அதுவே போதும். பேருந்து நிறுத்தங்களுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு, அதையும் போடுங்கள். எம்ஆர்டி என்றால் நிலையத்தின் பெயரோடு வாசலின் எழுத்தோ எண்ணோ தேவை. பெயர்கள் ஏமாற்றும்: மரீனா பே சாண்ட்சுக்குப் போக வேண்டியவர் மரீனா பே நிலையத்தில் இறங்கிவிடுவார், அருகிலிருப்பது பேஃபிரண்ட். கல்லாங் விளையாட்டு நடுவத்துக்குப் போகிறவர் கல்லாங் நிலையத்தில் இறங்குவார், அருகிலிருப்பது ஸ்டேடியம். தெம்பனிஸ் என்ற பெயரிலேயே மூன்று நிலையங்கள். உள்ளூர்க்காரர்களான நமக்கு இவை கண்ணில் படாது. அதனால் எல்லா இட அறிவிப்பையும், சிங்கப்பூருக்கு வந்து சில நாட்களே ஆன ஒருவரிடம் கொடுத்துப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தமிழும் மற்ற மொழிகளும்

தமிழ் இளையர் சந்திப்பு என்றால் மலேசியா, இந்தியா, இலங்கையோடு மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா, ரீயூனியன், கனடா, ஐரோப்பிய நாடுகள் என்று பல இடங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்து, எழுதப் படிக்க வராதவர்கள் அவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களை வெட்கப்படுத்தாமல் உள்ளே அழைத்துவர ஒரு வழி, ஒவ்வொரு முக்கிய அறிவிப்புக்கும் அரை நிமிடக் குரல்பதிவு ஒன்றைச் சேர்ப்பது. தெளிவாக, மெதுவாக, மேடைத்தமிழ் இல்லாமல் பேசக்கூடிய ஒருவர் பேசட்டும். எழுத்தில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே வரட்டும். ஒன்றை மேலே பெரிதாகவும் மற்றொன்றைக் கீழே பொடியாகவும் போடாதீர்கள்.

பதாகைகளில் தமிழ் உடைவது சிங்கப்பூரில் நாம் எல்லாரும் பார்த்து வருந்தியதுதான். கொம்பும் காலும் எழுத்தை விட்டு இடம் மாறி நிற்கும். தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாத மென்பொருள் அமைப்பில் ஒட்டுவதால் இது நேர்கிறது. வடிவமைப்பவருக்குத் தமிழ் தெரியாது, அதனால் அவர் கண்ணுக்குப் பிழை தெரியாது. அச்சகத்துக்கு எழுத்தாக அனுப்பாமல், எழுத்துருவைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎஃப் கோப்பாக அனுப்புங்கள். அச்சிடுமுன் மாதிரித்தாளை வாங்கி, தமிழ் படிக்கும் ஒருவர் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அச்சு. 1997இல் தமிழ் இணைய மாநாடு நடந்த ஊர் இது. கணினியில் தமிழ் நிலைபெற உழைத்தவர்கள் வாழ்ந்த ஊரில் நம் பதாகையில் தமிழ் உடைந்து தொங்கக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு உண்டு, உங்களுக்கும் இருக்கட்டும்.

பெயர் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பப் பெயர், முதற்பெயர் என்ற இரண்டு கட்டங்களை வைத்துப் பதிவுப் படிவம் செய்தால் தமிழர், மியன்மார் மக்கள், ஒற்றைப் பெயர் கொண்ட இந்தோனேசியர் எல்லாரும் சிக்குவார்கள். "கடப்பிதழில் உள்ளபடி முழுப்பெயர்", "உங்களை எப்படி அழைக்க வேண்டும்" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். அட்டையில் இரண்டாவது பெரிதாக வரட்டும். பின்பக்கத்தில் அவசர எண்ணும் விடுதியின் அஞ்சல் குறியீடும்.

வானிலையும் அவசரமும்

இங்கே பெரிய இளையர் சந்திப்புகளுக்கு ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறைதான் வசதியான காலம். ஜூனில் வெயிலும் சில ஆண்டுகளில் புகைமூட்டமும். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை. 2013 ஜூன் 21 அன்று காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டதை இங்கிருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 200ஐத் தாண்டினால் மிக மோசம், 300க்கு மேல் ஆபத்து. இந்த அளவுகள் ஒவ்வொன்றிலும் எந்த நிகழ்ச்சி உள்ளே மாறும், எது ரத்தாகும் என்பதை மாநாட்டுக்கு முன்பே நிகழ்ச்சிக் குழுவிடம் எழுதி வாங்குங்கள். வெப்ப உளைச்சலுக்கும் அப்படியே: ஈரத்தையும் வெயிலையும் சேர்த்து அளக்கும் குறியீடு 33 பாகை செல்சியசை எட்டினால் அது உயர்நிலை. குளிர்நாட்டிலிருந்து வந்து இறங்கிய முதல் இரண்டு நாட்களில் வெளிப்புற விளையாட்டு வைத்திருந்தால், அதை நகர்த்தச் சொல்லி வாதாட வேண்டியது தகவல் குழுவின் வேலையும்தான். மின்னல் எச்சரிக்கை வந்தால் கேள்வியே இல்லை. திடலில் இருப்பவர்கள் எல்லாரும் உள்ளே. இவற்றுக்கான செய்திகளை இப்போதே எழுதி, நேரத்தையும் இடத்தையும் மட்டும் வெற்றிடமாக விட்டு வைத்துக்கொள்ளுங்கள். எதையும் எதிர்பாராத அமைதியான பொழுதில் எழுதிய வாக்கியம், பதற்றத்தில் எழுதியதைவிட எப்போதும் தெளிவாக இருக்கும்.

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் செமாங்கமில் நடந்த உலகச் சாரணர் ஜம்போரி முகாமைப் பற்றி இந்த வேலைக்கு வருகிற எல்லாரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். 150க்கும் அதிகமான நாடுகளிலிருந்து ஏறத்தாழ 43,000 பேர். கடும் வெப்பத்தில் பலர் உடல்நலம் குன்றினர். பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் குழுக்கள் முகாமை விட்டு முன்னதாகவே வெளியேறின. பிறகு கானுன் சூறாவளி வருகிறது என்று முகாம் முழுவதையும் காலி செய்தார்கள்; ஆயிரம் பேருந்துகள் தேவைப்பட்டன. அந்த இடத்தில் தகவல் மேசையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பாருங்கள். எந்த நாட்டுக்கு எந்தப் பேருந்து, எந்த ஊருக்கு, மருந்துப் பை யாரிடம், வீட்டுக்கு யார் சொல்வது? இடத்தை மாற்றும் திட்டம் ஒன்று இருந்தால், அதைச் சொல்லும் திட்டமும் கூடவே இருக்க வேண்டும். உங்கள் மாநாட்டில் 300 பேர்தான் என்றாலும் ஒருமுறை ஒத்திகை பாருங்கள்: "விடுதியை இரண்டு மணி நேரத்தில் காலி செய்ய வேண்டும், முதல் செய்தி எப்போது போகும்?"

விபத்து என்றால் முதலில் 995. குற்றம், அச்சுறுத்தல் என்றால் 999. அதற்குப் பிறகுதான் நம் குழுவுக்குள் அழைப்பு. இந்த வரிசையைத் தொண்டூழியர்களிடம் பலமுறை சொல்லுங்கள், "மேலதிகாரியைக் கேட்டுவிட்டு" என்று யாரும் காத்திருக்கக் கூடாது. பிறகு பத்து இருபது நிமிடத்துக்குள் ஒரு சிறு அறிக்கை தயாராக வேண்டும்: "இன்று பிற்பகல் 3.10 மணியளவில் நிகழ்ச்சி வளாகத்தில் பேராளர் ஒருவர் காயமடைந்தார். அவர் மருத்துவமனையில் சிகிச்சை பெறுகிறார். குடும்பத்தாருடன் தொடர்பில் இருக்கிறோம். அடுத்த தகவலை மாலை 5 மணிக்குத் தருவோம்." பெயர் இல்லை, நாடு இல்லை, காரணம் பற்றிய ஊகம் இல்லை. ஐந்து மணிக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லையென்றாலும் ஐந்து மணிக்கு எழுதுங்கள்: "நிலைமையில் மாற்றமில்லை, அடுத்தது 7 மணிக்கு." சொன்ன நேரத்தில் பேசுகிறவர்களை மக்கள் நம்புவார்கள்.

குடும்பத்துக்கு முன்னால் உலகத்துக்குத் தெரியக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. ஒரு தாய் தன் மகனுக்கு அடிபட்டதை வேறொருவருடைய காணொளியில் பார்க்கும் நிலை வரக் கூடாது. அதனால் ஏதாவது நடந்த உடனே அங்கிருக்கும் இளையர்களிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். "படம் எடுத்திருந்தால் தயவுசெய்து இப்போது பகிர வேண்டாம், அவன் அம்மாவிடம் நாங்கள் முதலில் பேச வேண்டும்" என்று உண்மைக் காரணத்தைச் சொன்னால் கேட்பார்கள். உத்தரவு போட்டால் கேட்க மாட்டார்கள்.

வீட்டிலிருந்து வரும் அழைப்புகள்

பெற்றோருக்கென்று ஒரு தொலைபேசி எண், இருபத்து நான்கு மணி நேரமும். அதை எடுப்பவருக்குப் பொறுமை வேண்டும், மொழி வேண்டும். தஞ்சாவூரிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ ஒருவர் அழைத்து, "பொண்ணு ரெண்டு நாளா போன் எடுக்கல தம்பி" என்று நடுங்கும் குரலில் கேட்கும்போது விதிமுறையை ஒப்பிக்காதீர்கள். "வணக்கம்மா, நான் வரவேற்பு மேசையிலிருந்து பேசுகிறேன். அவர் குழுத்தலைவரை இப்போதே அழைக்கிறேன். அரை மணி நேரத்தில் நானே உங்களைக் கூப்பிடுகிறேன். உங்கள் பெயரும் எண்ணும் சொல்லுங்கள்" என்று சொல்லி, அரை மணி நேரத்தில் கூப்பிடுங்கள். அதே சமயம், அழைப்பவர் உண்மையிலேயே பெற்றோர்தானா என்று தெரியாமல் பிள்ளை எந்த அறையில் இருக்கிறார், எங்கே போயிருக்கிறார் என்று சொல்லக் கூடாது. பதிவில் உள்ள எண்ணுக்குத் திருப்பி அழைப்பது நல்ல பாதுகாப்பு. "உங்கள் மகள் கைதாகிவிட்டார், பணம் அனுப்புங்கள்" என்று மோசடிக்காரர்கள் பெற்றோரை அழைப்பதும் நடக்கக்கூடியதே. ஏற்பாட்டுக் குழு ஒருபோதும் தொலைபேசியில் பணம் கேட்காது என்பதைப் பயண அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பேராளர்களுக்குச் சந்தேகம் வந்தால் இங்கே 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண் உண்டு.

ஊடகம், படம், தனிநபர் தகவல்

2010 ஆகஸ்டில் முதல் இளையர் ஒலிம்பிக் போட்டிகள் சிங்கப்பூரில் நடந்தபோது, 14 முதல் 18 வயதுவரையான ஏறத்தாழ 3,600 விளையாட்டாளர்கள் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தங்கினார்கள். இளம் செய்தியாளர்களைப் பல நாடுகளிலிருந்து வரவழைத்து, பயிற்சி கொடுத்து, போட்டிகளைப் பற்றி அவர்களையே எழுதவைத்த திட்டமும் அங்கேதான் தொடங்கியது. சின்ன மாநாட்டிலும் இதைச் செய்யலாம். ஒவ்வொரு குழுவிலும் எழுத, படம் பிடிக்க ஆசையுள்ள ஒருவரைக் கண்டுபிடித்து, அவர் கையில் கொஞ்சம் பொறுப்பைக் கொடுங்கள். ஏற்பாட்டுக் குழு எடுக்கும் படங்களில் மேடையும் பிரமுகர்களும்தான் இருக்கும். பிள்ளைகள் எடுக்கும் படங்களில் பிள்ளைகள் இருப்பார்கள்.

உள்ளூர்த் தமிழ் ஊடகங்களான தமிழ் முரசு நாளிதழ், வசந்தம் தொலைக்காட்சி, செய்தி இணையத்தளம், ஒலி 96.8 வானொலி ஆகியவற்றுக்குத் தமிழிலேயே எழுதி அனுப்புங்கள். 1935 முதல் வெளிவரும் நாளிதழுக்கு ஆங்கில அறிக்கையை அனுப்பி "மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்" என்பது சரியில்லை. படத்தில் இருப்பவர்களின் பெயரை அவரவர் தமிழில் எழுதும் முறையிலேயே குறிப்பிடுங்கள். யாரைப் பேட்டி காணலாம், அவர் எப்போது ஓய்வாக இருப்பார் என்பதையும் சேர்த்தால் செய்தியாளருக்கு உதவியாக இருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பேட்டி. பக்கத்தில் பெரியவர் ஒருவர் உட்கார வேண்டும்.

படமெடுக்கச் சம்மதம் பதிவுப் படிவத்திலேயே கேட்கப்படட்டும், "வேண்டாம்" என்று சொல்வதும் எளிதாக இருக்கட்டும். வேண்டாம் என்றவரின் கழுத்துப்பட்டை வேறு நிறத்தில் இருந்தால் புகைப்படக்காரர் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வார்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமைப்புகளைக் கட்டுப்படுத்துகிறது, சின்ன அமைப்பு என்பதால் விலக்கு கிடையாது. தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். அடையாள அட்டை எண்ணையோ கடப்பிதழ் எண்ணையோ தேவையில்லாமல் வாங்காதீர்கள்; 2019 செப்டம்பரிலிருந்து இதற்குக் கடுமையான வழிகாட்டுதல் இருக்கிறது. விடுதிக்கு அந்த எண் தேவையென்றால் விடுதிக்கு மட்டும் போகட்டும், தொண்டூழியர் குழுவின் பொதுக் கோப்புக்குள் வரக் கூடாது. பெயர், ஒவ்வாமை, அறை எண், தாயின் தொலைபேசி எண் எல்லாம் அடங்கிய அட்டவணையை "எல்லாருக்கும் வசதியாக இருக்கட்டும்" என்று வாட்ஸ்அப்பில் போடுவதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் தகவல் கசிந்தாலோ, கசிவால் பெருந்தீங்கு நேரும் என்றாலோ, அது அறிவிக்க வேண்டிய கசிவு என்று தெரிந்த மூன்று நாட்களுக்குள் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்லியாக வேண்டும்.

பணிமேசை

ஒருவர் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். மாறும்போது வாய்வழி மட்டும் சொல்லாமல் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள்: எது முடிந்தது, எது பாதியில், யாருக்குத் திருப்பி அழைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறோம். இரவுப் பணிக்கு இருவர். சாப்பாட்டை மறந்துவிடாதீர்கள், அப்புறம், தண்ணீரும்.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

நிறைவு விழாவோடு பலர் தளர்ந்துவிடுவார்கள். ஆனால் புறப்படும் நாளில்தான் அறிவிப்புகள் அதிகம் தேவைப்படும். விமான நிலையப் பேருந்துகளின் பட்டியலை முனைய எண்ணோடு முந்தைய நாள் மதியமே வெளியிடுங்கள். ஒவ்வொரு குழுத்தலைவரும் ஊர் சேர்ந்ததும் ஒரு சொல் அனுப்பச் சொல்லுங்கள். கடைசிக் குழு வீடு சேரும்வரை பெற்றோருக்கான தொலைபேசி எண் இயங்க வேண்டும்.

அடுத்த இரண்டு வாரங்களில் குழுத்தலைவர் வழித்தடத்தில், இது எந்த நாளில் மூடப்படும், படங்களை எங்கே எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவியுங்கள். பேராளர்கள் தங்களுக்குள் நட்பைத் தொடர வேறு குழுவை அவர்களே தொடங்கிக்கொள்ளட்டும். தகவல் பாதுகாப்பு அதிகாரியுடன் உட்கார்ந்து எந்தக் கோப்பை வைத்திருக்க வேண்டும், எதை அழிக்க வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். தொண்டூழியர்களின் சொந்தக் கைத்தொலைபேசிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள பட்டியல்களும் அழிக்கப்பட்டதை ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதிசெய்யுங்கள். எண்ணிட்ட செய்திகள் அனைத்தையும், பணிமேசைக் குறிப்பேட்டையும், பேராளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளின் பட்டியலையும், அவற்றில் உள்ள தனிநபர் விவரங்களை நீக்கிவிட்டு, அடுத்த ஏற்பாட்டுக் குழுவின் தகவல் பொறுப்பாளரிடம் நேரில் ஒப்படையுங்கள்.